பொலிஸுக்கு மேலே யார் இருக்கிறார்கள்?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். ஆட்டோ ஓட்டுகிற உங்கள் தம்பியை ஒரு பற்றரி களவு விஷயமாக விசாரிக்க வேண்டும் என்று ஸ்டேசனுக்குக் கூட்டிப்போய், இரவு முழுக்க வைத்திருந்து, காதோடு சேர்த்து நாலு அறை அறைந்து, காலையில் "போ" என்று அனுப்பிவிட்டார்கள். வழக்கும் இல்லை, பிணையும் இல்லை, ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. நீங்கள் போய்க் கேட்டதற்கு அங்கிருந்த அதிகாரி "எனக்கு மேல யார் இருக்கான்னு தேடிப் போய்ச் சொல்லு" என்றாராம். தோட்டத்துத் தலைவர் மந்திரியிடம் பேசலாம் என்கிறார், கூட்டாளி மனித உரிமைக்குப் போ என்கிறார், அம்மா "விட்டுடுங்கடா, இன்னும் பெரிசாயிடும்" என்கிறார். உண்மையிலேயே பொலிஸுக்கு மேலே யாராவது இருக்கிறார்களா, அரசாங்கம் அவர்களைக் கண்காணிக்கிறதா இல்லையா என்பது உங்கள் கேள்வி.

இருக்கிறார்கள். அடுக்கடுக்காக இருக்கிறார்கள். நம் நாட்டில் பொலிஸைக் கண்காணிக்க ஆள் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்தப் படியில் ஏறி எதைக் கேட்க வேண்டும், எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும் என்பதை மட்டும் நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

நான் வக்கீல் இல்லை. மலையகத்து நீதவான் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக, அதாவது ஊரில் "முதலியார்" என்று சொல்வார்களே, அந்த வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். லயத்தில் பிறந்தவன். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தைத் தமிழில் சொல்லியும், தமிழில் அழுததைச் சிங்களத்தில் சொல்லியும் காலம் போய்விட்டது. அங்கே நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், சட்டப் புத்தகத்தை அப்புறம் பார்ப்போம்.

முதலில் உள்ளே இருக்கிற ஏணி. ஸ்டேசனுக்கு ஓஐசி, அதாவது பொறுப்பதிகாரி, அவருக்கு மேல் ஏஎஸ்பி, அப்புறம் எஸ்பி, எஸ்எஸ்பி, டிஐஜி, சிரேஷ்ட டிஐஜி, உச்சியில் பொலிஸ் மா அதிபர். இந்த ஏணிக்கு அடிப்படை 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம். ஆம், கோப்பித் தோட்ட காலத்துச் சட்டம்தான் திருத்தங்களோடு இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் பாட்டன் பூட்டன் மலைக்கு ஏறிய காலத்தில் வெள்ளைக்காரன் எழுதியது. அந்தப் பொலிஸ் யாருடைய சொத்தைக் காக்க வந்தது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஏணிக்கு வெளியே நிற்பவர்கள்தான் நீங்கள் கேட்கிற "மேலே". பொலிஸ் திணைக்களம் பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சின் கீழ் வருகிறது. ஒரு காலத்தில் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தது, இடையில் சட்டம் ஒழுங்கு அமைச்சு என்று தனியாக ஒன்று வைத்தார்கள், அரசாங்கம் மாறும்போது பலகையும் மாறும். அமைச்சரின் கை கொள்கைக்கும் பணத்துக்கும் நீளும். ஒரு பொலிஸ்காரரை வேலைக்கு எடுப்பது, பதவி உயர்த்துவது, இடம் மாற்றுவது, ஒழுக்காற்று நடவடிக்கை எடுப்பது, வேலையை விட்டு நீக்குவது, இதெல்லாம் அரசியலமைப்பின்படி தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் கையில். பொலிஸ் மா அதிபர் ஒருவர் மட்டும் இதற்கு வெளியே. அவரை, உயர் பதவி நியமனங்களைப் பார்க்கிற அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்தோடு ஜனாதிபதி நியமிக்கிறார்.

அமைச்சருக்கும் பொலிஸுக்கும் நடுவில் ஏன் இப்படி ஒரு சுவர் என்று கேட்டால், அந்தக் கதை நம் மலையிலிருந்தே தொடங்குகிறது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தம். பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். முல்லோயா கோவிந்தன் என்று சங்கக்காரர்கள் மே தினத்துக்கு மே தினம் சொல்வார்களே, அவர்தான். அதை விசாரிக்க ஒரு ஆணைக்குழு போட்டார்கள். ஆனால் அதோடு வந்த இன்னொரு சண்டையை மேடையில் யாரும் பேசுவதில்லை. ஆணைக்குழு விசாரணை முடியும்வரை வேலைநிறுத்தக்காரர்கள்மீது போட்ட வழக்குகளைத் தள்ளிவைக்கச் சொன்னார் உள்நாட்டு அமைச்சர் சர் டி. பி. ஜயதிலக்க. பொலிஸ் மா அதிபர் பேங்ஸ் அதை ஏற்கவில்லை. ஆளுநர் கால்டெகொட் பொலிஸ் மா அதிபர் பக்கம் நின்றார். அமைச்சர்கள் அத்தனை பேரும் பதவி விலகினார்கள். ஒரு தோட்டத் தொழிலாளியின் சாவிலிருந்து கிளம்பிய கேள்வி, பொலிஸ் யார் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது, ஒரு மந்திரிசபையையே ஆட்டியது.

அந்தக் கேள்விக்கு இரண்டு பக்கமும் ஞாயம் உண்டு என்பதைக் கவனியுங்கள். அன்றைக்கு அமைச்சர் சொன்னது தொழிலாளிக்குச் சாதகம். நாளைக்கு இன்னொரு அமைச்சர் அதே தொலைபேசியை எடுத்து "அவனை உள்ளே போடு" என்றும் சொல்லலாம். தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குப் பொலிஸ் பதில் சொல்ல வேண்டும், அவருடைய சொந்த ஆளாக ஆகிவிடவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி காணத்தான் 2001இல் அரசியலமைப்பின் 17ஆவது திருத்தம் வந்தது, தேசிய பொலிஸ் ஆணைக்குழு அப்படிப் பிறந்ததுதான், 2002இல் வேலையைத் தொடங்கியது.

அதற்குப் பிறகு நடந்தது, தோட்டம் கம்பனிக்குக் கம்பனி கை மாறுகிற கதை. 2005 முடிவில் முதல் ஆணைக்குழுவின் காலம் முடிந்தது, சில மாதங்கள் ஆளே போடவில்லை, 2006இல் அரசியலமைப்புப் பேரவை இல்லாமலே ஜனாதிபதி நேரடியாக ஆள் போட்டார். 2010இல் 18ஆவது திருத்தம் வந்து ஆணைக்குழுவின் பல்லைப் பிடுங்கியது: இடமாற்றமும் ஒழுக்காற்றும் கையை விட்டுப் போய், பொதுமக்கள் முறைப்பாடு கேட்கிற வேலை மட்டும் மிஞ்சியது. 2015இல் 19 வந்து திருப்பிக் கொடுத்தது. 2020இல் 20 வந்து ஆணைக்குழுக்களுக்கு ஆள் போடும் கயிறு மறுபடி ஜனாதிபதி கைக்குப் போனது. 2022 ஒக்டோபரில் 21. இப்போது நடப்பது அதன்படி. இருபத்தொரு வருடத்தில் ஐந்து தடவை சட்டம் மாறினால் ஸ்டேசனில் இருக்கிற அதிகாரி எதை நம்புவார்? ஆணைக்குழு வரும் போகும், அரசியல்வாதி நிரந்தரம் என்றுதான் நம்புவார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை.

எல்லாவற்றையும்விட இடமாற்றத்தைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். ஒரு ஓஐசி சம்பளத்துக்குப் பயப்பட மாட்டார், திட்டுக்குப் பயப்பட மாட்டார், ட்ரான்ஸ்பருக்குப் பயப்படுவார். பிள்ளை கண்டியில் நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்கும், மனைவி அங்கே வேலை பார்ப்பார், ஒரு கடிதத்தில் அவரைத் தூக்கி எங்கோ ஒரு மூலைக்குப் போடலாம். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடச் செய்கிறவர் யாரோ அவர்தான் நடைமுறையில் பொலிஸுக்கு மேலே இருக்கிறவர். அதனால் எந்தத் திருத்தத்தை யார் கொண்டுவந்தாலும் நான் முதலில் தேடிப் பார்ப்பது இடமாற்றம் யார் கையில் என்பதைத்தான். மற்றதெல்லாம் முன்னுரை.

இப்போது உங்கள் தலைவர் சொன்ன யோசனைக்கு வருகிறேன். நம் பக்கம் பொலிஸைக் "கண்காணிக்க" சட்டத்தில் இல்லாத ஒரு ஏற்பாடும் இருக்கிறது, உங்களுக்கே தெரியும். தொரை பங்களாவிலிருந்து ஒரு போன் போகும். சங்கத்துத் தலைவர், பிரதேச சபை மெம்பர், அப்புறம் எம்பி. பையனைப் பிடித்துவிட்டால் நாம் முதலில் ஓடுவது வக்கீலிடம் இல்லை, தலைவர் வீட்டுக்கு. இதில் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன், நடு ராத்திரியில் தலைவர் போய் ஸ்டேசன் வாசலில் நின்றதால் அடி வாங்காமல் தப்பிய பையன்கள் நிறைய. ஆனால் போன் போட்டு வெளியே எடுத்த விஷயத்துக்குப் பதிவு இருக்காது. பதிவு இல்லாததால் அடித்ததும் நடக்காத விஷயமாகிவிடும். அடுத்த தடவை அதே போன் உங்களுக்கு எதிராகவும் அடிக்கும், சங்கம் மாறினால் போதும். மந்திரியிடம் பேசுவதென்றால் பேசட்டும், தடுக்காதீர்கள், ஆனால் காகிதத்தில் செய்ய வேண்டியதை அதற்காக நிறுத்தாதீர்கள்.

மேலே இருக்கிறவர்கள் உண்மையிலேயே ஏதாவது செய்கிறார்களா என்று நீங்கள் சலித்துப்போய்க் கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு வழக்கைச் சொல்கிறேன், இரண்டு பக்கமும் அதிலேயே தெரியும். மிரிஹானை ஸ்டேசனில் ஒருவரைப் பிடித்துவைத்துச் சித்திரவதை செய்த வழக்கில் 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தேசபந்து தென்னக்கோன் உட்பட்ட அதிகாரிகளைப் பொறுப்பாளிகள் என்று தீர்த்தது. நட்ட ஈடு கட்டச் சொன்னது, ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கும்படி பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் சொன்னது. அப்போது அவர் பதில் பொலிஸ் மா அதிபர். அடுத்து என்ன நடந்திருக்க வேண்டும்? நடந்தது, 2024 பெப்ரவரியில் அவரை நிரந்தரப் பொலிஸ் மா அதிபராகவே ஆக்கினார்கள். அரசியலமைப்புப் பேரவையில் ஆதரவு நாலு, எதிர்ப்பு இரண்டு, இரண்டு பேர் வாக்களிக்கவில்லை, சபாநாயகர் தன் அறுதியிடும் வாக்கைப் போட்டு ஐந்தாக்கினார். பொலிஸைக் கண்காணிக்கவென்று கட்டிய வீட்டின் கூரையிலேயே ஓட்டை.

அதோடு கதை முடியவும் இல்லை. அந்த நியமனத்தை எதிர்த்து மனுக்கள் போய், 2024 ஜூலை 24 அன்று உயர் நீதிமன்றம் அவர் பதவியில் செயற்படக்கூடாது என்று இடைக்காலத் தடை போட்டது. 2025 ஓகஸ்ட் 5 அன்று பாராளுமன்றம் அவரை நீக்கியது, ஆதரவாக 177 வாக்குகள், எதிராக ஒன்றுகூட இல்லை. 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அந்த வழியை எழுதி வைத்திருந்தது, இருபத்து மூன்று வருடம் கழித்துத்தான் முதல் தடவையாக ஒரு பொலிஸ் மா அதிபர்மீது அது பாய்ந்தது. அந்த இடைக்காலத் தடைக்கு வேர் எது? அடி வாங்கிய ஒரு ஆள் விடாமல் போட்ட ஒரு அடிப்படை உரிமை மனு. சம்பவத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவில் பத்து வருடத்துக்கும் மேல்.

சரி, உங்கள் தம்பி விஷயம். பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதினால் என்ன ஆகும்? பொலிஸ்காரருக்கு எதிரான பொதுமக்கள் முறைப்பாட்டை ஏற்று விசாரிக்க வேண்டியது அரசியலமைப்பே அதற்குக் கொடுத்த கடமை, தமிழில் எழுதலாம், பதிவுத் தபாலில் போடலாம். ஆனால் நாடு முழுக்க அறுநூறு ஸ்டேசன்களுக்கு மேல் இருக்க, ஆணைக்குழுவுக்கு என்று தனிப் படையா இருக்கிறது? தன் அதிகாரத்தில் ஒரு பகுதியைப் பொலிஸ் மா அதிபருக்கே ஒப்படைக்கலாம் என்று சட்டம் சொல்கிறது, ஒப்படைக்கிறார்கள். அதனால் நடப்பதைச் சொல்கிறேன்: உங்கள் கடிதம் கொழும்புக்குப் போகும், அங்கிருந்து அறிக்கை கேட்டு டிஐஜிக்கு வரும், அவர் எஸ்எஸ்பிக்கு, அவர் ஏஎஸ்பிக்கு. கடைசியில் உங்களை விசாரணைக்குக் கூப்பிடுகிறவர் அதே ஓஐசியோடு தினமும் பேசுகிற அதிகாரியாக இருப்பார். "சின்ன விஷயம்தானே, சமாதானமாப் போங்க" என்பார். நான் பார்த்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் செத்தன. அதற்காக எழுதாமல் இருக்காதீர்கள். அந்தக் கடிதம் ஒரு அதிகாரியின் கோப்பில் போய் உட்காரும், பதவி உயர்வு வரும்போது அது இடிக்கும், அதற்கு அவர்கள் நிஜமாகவே பயப்படுகிறார்கள்.

மனித உரிமைகள் ஆணைக்குழு வேறு. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது, பொலிஸ் ஏணியில் எந்தப் படியிலும் இல்லை. கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, 1996 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணலாம், சட்டத்தின் வருடமே இலக்கமும் என்பதால் மறக்காது. அவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்டேசனுக்குள் வந்து ஆளை அடைத்துவைக்கிற கூண்டைப் பார்க்கலாம். ஆள் உள்ளே இருக்கும்போதே அங்கே போன் போனால் அதற்கு மதிப்பு தனி, தலைவர் போன் போடுகிறார் அல்லவா, அதே நேரத்தில் இன்னொருவர் 1996க்கு அடிக்க வேண்டும் என்று நம் இளவட்டங்களிடம் சொல்லி வையுங்கள். பலவீனம் என்னவென்றால் அவர்கள் கொடுப்பது பரிந்துரை. கட்டளை இல்லை. பொலிஸ் அதைக் கேட்காவிட்டால் ஜனாதிபதிக்கு அறிக்கை போகும், ஜனாதிபதி அதைப் பாராளுமன்றத்தில் வைப்பார், அவ்வளவுதான்.

கட்டளை போடக்கூடிய இடம் கொழும்பில் உயர் நீதிமன்றம். காரணம் சொல்லாமல் கைது செய்யக்கூடாது, சித்திரவதையோ இழிவாக நடத்துவதோ கூடாது என்று அரசியலமைப்பின் 13ஆம் 11ஆம் உறுப்புரைகள் சொல்கின்றன. அவை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின் கீழ் மனுப் போடலாம். ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். இந்த ஒரு மாதம்தான் நம் ஆட்களை வீழ்த்துகிறது. தலைவர் பேசுகிறார், மெம்பர் பேசுகிறார், ஏஎஸ்பி அடுத்த வாரம் வா என்கிறார், சம்பள நாள் வரட்டும் வக்கீலைப் பார்க்கலாம் என்கிறோம், முப்பது நாள் ஓடிவிடும். வேண்டுமென்றே இழுத்தடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அந்தக் கணக்கு அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால் அங்கே விசாரணை நடக்கிற காலம் இந்தக் கணக்கில் சேராது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அதைச் சாக்காக நம்பி உட்காராதீர்கள், விசாரணை உண்மையிலேயே நடந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று நீதிமன்றம் கேட்கும்.

சித்திரவதையைக் குற்றமாக்கி 1994இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது, 22ஆம் இலக்கம், குறைந்தது ஏழு வருடம் கூடியது பத்து வருடம் சிறை. படிக்க நன்றாக இருக்கும். அதில் தண்டனை பெற்ற பொலிஸ்காரர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், ஏனென்றால் வழக்குத் தொடுக்கச் சான்று சேகரிக்க வேண்டியதும் பொலிஸ்தான்.

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 2000 ஒக்டோபர் 25 அன்று 27 தமிழ் இளைஞர்களை ஒரு கூட்டம் உள்ளே புகுந்து கொன்றது. பொலிஸ் அங்கேயே ஆயுதத்தோடு நின்றது. ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு வைத்தார்கள், வழக்கு நடந்தது, 2003இல் இரண்டு பொலிஸ் அதிகாரிகள் உட்பட ஐந்து பேருக்கு மரண தண்டனை கொடுத்தார்கள், 2005க்குள் மேன்முறையீட்டில் எல்லோரும் விடுதலை. அப்போது பண்டாரவளைப் பக்கம் இருந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், பொலிஸ் நம்மைக் காப்பாற்றும் என்று சொன்னால் அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று. 1977இல் டெவன் தோட்டத்தில் காணிப் பிரச்சினையில் பொலிஸ் சுட்டு சிவனு லெட்சுமணன் செத்தது இன்னொன்று. 2023 மே மாதம் பதுளைப் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன மூன்று பிள்ளைகளின் தாய், நகை களவு என்ற முறைப்பாட்டில் வெலிக்கடைப் பொலிஸில் வைத்திருந்தபோது செத்துப்போனார். உங்கள் அம்மா "பெரிசாயிடும்" என்று பயப்படுவதை யாரும் கோழைத்தனம் என்று சொல்லக்கூடாது.

இனி நான் அதிகம் பார்த்த விஷயம், மொழி. ஒரு நாள் நீதிமன்றத்தில் கொழுந்து எடுக்கிற ஒரு அம்மாவின் வாக்குமூலத்தை நான் தமிழில் வாசித்துக்கொண்டிருந்தேன். தன்னை அடித்தவர்கள்மீது முறைப்பாடு கொடுக்கப் போனவர் அவர். காகிதத்தில் இருந்ததோ, சண்டையைத் தானே தொடங்கினதாகவும், சமாதானமாகப் போக விருப்பம் என்றும். அந்த அம்மா கூண்டிலிருந்து என்னைப் பார்த்து "ஐயா, நான் இப்படிச் சொல்லவே இல்லையே, நீங்க வேற யாரோடதையோ வாசிக்கிறீங்க" என்றார். கீழே வழக்கமான வரி: வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது, சரி என ஏற்றுக் கையெழுத்திட்டார். கையெழுத்து அவருடையதுதான். வாக்குமூலம் எழுதிய ராலஹாமிக்கு, அதாவது பொலிஸ்காரருக்கு, தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது, நடுவில் நின்று சொன்னவர் அந்தப் பக்கம் வந்த ஒரு கடைக்காரர். எந்த ஆணைக்குழு, எந்த நீதிமன்றம் போனாலும் முதலில் எடுத்துப் பார்ப்பது ஸ்டேசன் முறைப்பாட்டுப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான். அடித்தளமே இப்படி என்றால் மேலே எத்தனை மாடி கட்டி என்ன?

தமிழ் அரசகரும மொழி. நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆகவே உங்கள் முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பது சலுகை கேட்பதாகாது. ஸ்டேசனில் தமிழ் எழுதத் தெரிந்த ஆள் இல்லை என்றால் தமிழில் நீங்களே எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்து அந்தப் புத்தகத்தில் ஒட்டச் சொல்லுங்கள். புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், கட்டாயப்படுத்தினால் கையெழுத்துக்குப் பக்கத்தில் "எனக்கு விளங்கவில்லை" என்று தமிழில் எழுதுங்கள். ஒரு பையன் அப்படி எழுதியதை நான் நீதவானுக்கு வாசித்துக் காட்டினேன், அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஓஐசியை நிமிர்ந்து பார்த்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போனதாக நீங்கள் எழுதவில்லை. சம்பவம் நடந்து ஒன்பது நாள் என்கிறீர்கள், பரவாயில்லை, நாளைக்கே போங்கள். டிக்கோயா கிளங்கன் பக்கமென்றாலும் நுவரெலியா பக்கமென்றாலும் அரசாங்க ஆஸ்பத்திரிக்கே போங்கள், தனியார் டிஸ்பென்சரி வேண்டாம். "விழுந்துட்டேன்" என்று சொல்லக்கூடாது, பயத்தில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். பொலிஸில் அடித்தார்கள், இந்தத் திகதி, இந்த நேரம், கையால் காதில் அடித்தார்கள் என்று சொன்னால் டாக்டர் அதை எழுத வேண்டும், சட்ட வைத்திய அதிகாரிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் இன்னும் தெரியும். ஸ்டேசன் புத்தகத்தில் அவன் பெயரே இல்லாமல் இருக்கலாம், அப்போது அவன் அங்கே இருந்ததைக் காட்ட வேறு வழி தேட வேண்டும்: கூட்டிப்போனதைப் பார்த்த ஆட்டோ பார்க் பையன்கள், நீங்கள் இரவு எடுத்த போன் அழைப்புகள், ஸ்டேசனுக்கு எதிரே கடைக் கமெரா இருந்தால் அது. கமெராப் பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும், இதை இன்றைக்கே பாருங்கள்.

அப்புறம் தகவலறியும் உரிமைச் சட்டம், 2016இன் 12ஆம் இலக்கம். பொலிஸுக்கும் அது பொருந்தும். அன்றைக்கு இரவு அவனைக் கைது செய்தார்களா, எந்த நேரத்தில், என்ன காரணத்தில் என்று கேட்டு எழுதுங்கள், கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். "அப்படி யாரும் இல்லை" என்று எழுதித் தந்தால் இன்னும் நல்லது, சாட்சிகளோடு அது முட்டும்.

நீதவானும் ஒரு கண்காணிப்பாளர் என்பதை நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் முன் நிறுத்த வேண்டும், 2021இல் வந்த திருத்தத்தின்படி மாதம் ஒரு தடவையாவது அவர் தன் எல்லைக்குள் இருக்கிற ஸ்டேசன்களுக்குப் போய்ப் பார்க்கவும் வேண்டும். உங்கள் தம்பியை நிறுத்தவே இல்லை, காலையில் விட்டுவிட்டார்கள், அதனால் அந்த வாசல் இப்போதைக்கு இல்லை. இனி எந்தப் பையனுக்காவது நடந்தால், நீதவான் முன் நிற்கிற அந்த ஒரு நிமிடத்தில் வாயைத் திறந்து "அடித்தார்கள் ஐயா" என்று சொல்லச் சொல்லுங்கள். அது வழக்கேட்டில் ஏறும். நான் முதலியாராக நின்ற காலத்தில், வெளியே வந்து வராந்தாவில் என்னிடம் சட்டையைத் தூக்கிக் காட்டியவர்கள் எத்தனையோ பேர். உள்ளே ஏன்டா சொல்லவில்லை என்றால், பக்கத்தில் ராலஹாமி நின்றார் என்பார்கள்.

மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம் வந்தால் எல்லாம் சரியாகுமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். 13ஆவது திருத்தத்தில் எழுதியது, 1987இலிருந்து காகிதத்தில் இருக்கிறது. வந்தாலும் மத்திய மாகாணத்திலும் ஊவாவிலும் நாம் சிறுபான்மைதான், வடக்குக்குப் பொருந்துகிற கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. நமக்கு முதலில் வேண்டியது ஸ்டேசனுக்கு நாலு தமிழ் தெரிந்த பொலிஸ், அதிலும் இரண்டு பெண்கள். நம் பிள்ளைகள் பொலிஸுக்கு விண்ணப்பம் போட்டாலே லயத்தில் சிரிக்கிறார்கள், அதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

செலவைப் பற்றிப் பயப்பட்டிருக்கிறீர்கள். சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைகள் பல நீதிமன்றங்களில் இருக்கின்றன, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம், சம்பளச் சீட்டைக் கொண்டுபோங்கள். அடிப்படை உரிமை மனு என்று தெளிவாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சாதாரண வழக்கு என்று நினைத்துத் திகதி கொடுப்பார்கள். ஒன்பது நாள் போய்விட்டது, கையில் மூன்று வாரம். ஆஸ்பத்திரி நாளைக்கு, மனித உரிமைகள் ஆணைக்குழு இந்த வாரத்துக்குள், கண்டிக்குப் போகும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்கள் மட்டும் போனால் பாதிக்கப்பட்டவர் எங்கே என்பார்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் முத்திரை குத்தி வாங்காமல் படியிறங்காதீர்கள். அம்மாவிடம் நான் பேச வேண்டும் என்றால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன்.